கல்லீரல் மாற்றிய பின் கட்டும் நெறி: ஒரு மருத்துவ வரலாறு

கல்லீரல் கெட்டுப்போன குழந்தைக்கு வேறொரு கல்லீரலை வைத்துவிட்டால் கதை சுபமாக முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். செய்தித்தாளில் குழந்தையும் பெற்றோரும் டாக்டரும் சிரித்துக்கொண்டிருக்கும் படம் வரும். அதோடு நாமும் மறந்துவிடுகிறோம். உண்மையில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது கதை அன்றுதான் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது கதையில் ஒரு விசித்திரமான நோய் வருகிறது. மாற்றிய கல்லீரல் நன்றாக வேலை செய்யும். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் விடாது, கழுத்தில் நெறி கட்டும், டான்சில் வீங்கிக் குறட்டை வரும், எடை குறையும். சோதித்துப் பார்த்தால் இரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை கட்டுக்கடங்காமல் பெருகியிருக்கும். சில சமயம் அது வெறும் வீக்கம், சில சமயம் முழுமையான புற்றுநோய். இதற்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் பி.டி.எல்.டி. உறுப்பு மாற்றத்துக்குப் பின் வரும் நிணநீர் அணுப் பெருக்க நோய் என்று தமிழில் சொல்லலாம்.

குழந்தையைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தே இந்த நோய்க்கு வழி திறந்துவிடுகிறது. அதை மனிதர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் நோயாளியே ஒரு குழந்தைதான்

1963 மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் என்ற அறுவை மருத்துவர் உலகிலேயே முதல் முறையாக மனிதருக்குக் கல்லீரல் மாற்று அறுவை செய்தார். நோயாளி 3 வயதுச் சிறுவன். பிறவியிலேயே பித்தக் குழாய் அடைபட்டிருக்கும் பிலியரி அட்ரீசியா என்ற நோய் அவனுக்கு. இரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் அறுவை மேசையிலேயே சிறுவன் இறந்தான். அடுத்தடுத்துச் செய்த நோயாளிகளும் பிழைக்கவில்லை. உலகம் முழுக்க இந்த அறுவையைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்தியே வைத்தார்கள்.

1967 ஜூலையில் ஸ்டார்சல் மறுபடி முயன்றார். கல்லீரலில் புற்றுநோய் இருந்த ஒன்றரை வயதுச் சிறுமி. இந்த முறை கல்லீரல் வேலை செய்தது. ஓராண்டுக்கு மேல் வாழ்ந்த பிறகு, பழைய புற்றுநோய் பரவியதால் அவள் இறந்தாள். 1968-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் கல்லீரல் மாற்று அறுவையைத் தொடங்கினார்.

அறுவை கைவந்தாலும் உடல் விடவில்லை. நமக்குள் இருக்கும் டி அணுக்கள் ஊர்க்காவல்காரர்கள் மாதிரி. யார் நம்ம ஆள், யார் வெளியாள் என்று பார்ப்பதுதான் அவற்றின் வேலை. உயிர் கொடுக்க வந்த கல்லீரலும் அவற்றின் கண்ணுக்கு வெளியாள்தான். உடனே தாக்கும். இதைத் தடுக்க அப்போது இருந்தவை அசாதியோபிரின், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளே. அன்று கல்லீரல் மாற்றியவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் 30 பேர்தான்.

நார்வே மண்ணில் கிடைத்த மருந்து

சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. விடுமுறைக்கு வெளியூர் போகும் ஊழியர்கள் அங்கிருந்து ஒரு பை மண் எடுத்து வருவார்கள். அதில் புதிய பூஞ்சை ஏதாவது இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். 1969-ல் நார்வேயின் ஹர்டாங்கர்விடா பீடபூமியிலிருந்து அப்படி வந்த மண்ணில் ஒரு பூஞ்சை கிடைத்தது. அதிலிருந்து பிரித்த பொருள்தான் சைக்ளோஸ்போரின். அது எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது என்பது 1972-ல் தெரியவந்தது. ஜான் போரெலும் ஹார்ட்மன் ஸ்டாஹெலினும் அந்த ஆய்வின் முக்கியப் பெயர்கள்.

1978-ல் ராய் கால்ன் இதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறகு ஸ்டார்சல் ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்தார். பலன் அசாத்தியமாக இருந்தது. ஓராண்டு பிழைப்பவர்கள் 30-லிருந்து 70 சதவீதத்துக்கு உயர்ந்தார்கள். 1983 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு, கல்லீரல் மாற்று இனி வெறும் பரிசோதனை அல்ல, ஒரு சிகிச்சை என்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு சைக்ளோஸ்போரினுக்கு அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது.

சைக்ளோஸ்போரின் குறிவைத்து அடக்குவது அந்த ஊர்க்காவல்காரர்களான டி அணுக்களை. காவல் தூங்கினால் புது உறுப்பு பிழைக்கும், சரி. அந்த நேரத்தில் வேறு யார் உள்ளே நுழைவார்கள்?

இன்னொரு மூலையில் ஒரு வைரஸ்

இந்தக் கேள்விக்கான பதில் ஆப்பிரிக்காவில் கிடைத்தது. உகாண்டாவில் வேலை பார்த்த அயர்லாந்து மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்குள்ள குழந்தைகளுக்குத் தாடையில் வரும் ஒரு கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். 1961-ல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட ஆண்டனி எப்ஸ்டீன், இந்தக் கட்டிக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்.

உகாண்டாவிலிருந்து விமானத்தில் கட்டித் துண்டுகள் லண்டனுக்கு வரத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் கொட்டாமல் நுண்ணோக்கியில் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் கிருமி அல்ல, கட்டியிலிருந்து பிரிந்து உயிரோடு மிதந்த அணுக்கள்! அவற்றை வளர்த்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைப் பார்த்தார்கள். 1964 மார்ச்சில் எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் ஆகிய மூவர் பெயரில் கட்டுரை வெளிவந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் (ஈ.பி.வி.) என்ற பெயர் அப்படி வந்தது.

பிலடெல்பியாவில் ஆய்வு செய்த வெர்னர் - கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியர், இளைஞர்களுக்குத் தொண்டை வீங்கி நெறி கட்டி வரும் சுரப்பிக் காய்ச்சலுக்கும் இதே வைரஸ்தான் காரணம் என்று 1968-ல் காட்டினார்கள். எச்சில் மூலம் பரவும் இந்த வைரஸ், உலகில் வளர்ந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் இருக்கிறது. ஒரு முறை வந்தால் போகாது. பி அணு என்ற வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்துகொள்ளும். அவற்றைப் பெருகவைக்கவும் பார்க்கும். டி அணுக்கள் விழித்திருக்கும்வரை அடங்கிக் கிடக்கும்.

இரண்டு கதைகளும் சந்தித்த இடம்

உறுப்பு மாற்றியவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்பது 1968, 1969-லேயே கவனிக்கப்பட்டது. டென்வரில் ஸ்டார்சலுடன் பணியாற்றிய இஸ்ரேல் பென் இப்படிப்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்துப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். பிறகு பல்லாண்டுகள் அந்த வேலையை விடாமல் செய்தார். 1980-களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் டக்ளஸ் ஹாண்டோவும் சக ஆய்வாளர்களும், சிறுநீரகம் மாற்றியவர்களின் இந்தக் கட்டிகளுக்குள் ஈ.பி.வி. இருப்பதைக் காட்டினார்கள்.

1984-ல் எல்லாருக்கும் உறைக்கும்படி ஒரு சம்பவம் நடந்தது. பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாததால் ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளேயே வளர்ந்த 'குமிழிச் சிறுவன்' டேவிட்டைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 12 வயதில் அவனுக்கு அக்காவின் எலும்பு மஜ்ஜை கொடுக்கப்பட்டது. அந்த மஜ்ஜையில் ஒளிந்திருந்த ஈ.பி.வி.யும் கூடவே போனது. சில மாதங்களில் உடல் முழுக்கக் கட்டிகள். 1984 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனான். காவலே இல்லாத உடலில் இந்த வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதே 1984-ல், அப்போது பிட்ஸ்பர்க்கில் இருந்த ஸ்டார்சலின் குழு ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டது. சைக்ளோஸ்போரினும் ஸ்டீராய்டும் எடுத்தவர்களில் 17 பேருக்கு இந்த நோய் வந்திருந்தது. 8 பேர் சிறுநீரகம், 4 பேர் கல்லீரல், 3 பேர் இதயம், 2 பேர் இதயமும் நுரையீரலும் மாற்றியவர்கள். புற்றுநோய் என்றால் கடுமையான மருந்து கொடுப்பதுதான் வழக்கம். அவர்கள் செய்தது நேர் எதிர். கொடுத்துக்கொண்டிருந்த மருந்தைக் குறைத்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். கட்டிகள் கரைந்தன! பலருக்கு மாற்றிய உறுப்பும் பிழைத்தது.

தூங்கவைத்த காவல்காரரைக் கொஞ்சம் எழுப்பிவிட்டால் அவரே திருடனைப் பிடித்துவிடுவார் என்பதுதான் இதன் சாரம். இன்றுவரை இந்த நோய்க்கு முதல் சிகிச்சை அதுதான்.

சொல்ல எளிது, செய்யக் கடினம். அதிகம் எழுப்பினால் அவர் திருடனோடு கல்லீரலையும் அடிப்பார். சிறுநீரகம் போய்விட்டால் டயாலிசிஸ் இருக்கிறது. கல்லீரலுக்கு வருடக்கணக்கில் ஓட்டும் அப்படி ஒரு இயந்திரம் கிடையாது. இன்னொரு கல்லீரல் கிடைத்தால்தான் உண்டு.

குழந்தைகளுக்கு ஏன் அதிகம்?

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து பல மடங்கு அதிகம். காரணம் எளிமையானது. பெரியவர்கள் உடலில் ஈ.பி.வி. ஏற்கெனவே வந்து போராடிப் பழகியிருக்கும். ஒரு வயதுக் குழந்தை அந்த வைரஸைப் பார்த்ததே இல்லை. கல்லீரல் கொடுப்பவர் வளர்ந்தவர், அவர் உடலில் வைரஸ் இருக்கும். புதிய கல்லீரலோடு அதுவும் உள்ளே வரும். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் அதே மாதங்களில் குழந்தையின் உடல் முதல் முறையாக அதைச் சந்திக்கிறது.

திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்வதானால் சுந்தரர் கதைதான். அவர் பார்த்தே இராத, பாட்டன் எழுதிக் கொடுத்ததாகச் சொன்ன பழைய ஓலை ஒன்று கல்யாணத்தன்று வந்து நிற்கவில்லையா? கொடுத்தவர் உடலில் எப்போதோ ஒளிந்த வைரஸ், நல்ல நாளில் இப்படித்தான் வந்து நிற்கிறது.

1984-ல் ஜப்பானில் சுகுபா மலைப் பகுதி மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் என்ற இன்னும் வீரியமான மருந்து கிடைத்தது. 1989-ல் பிட்ஸ்பர்க்கில் பயன்பாட்டுக்கு வந்தது. உறுப்பு நிராகரிப்பு குறைந்தது, ஆனால் அதிக அளவில் கொடுத்த தொடக்க ஆண்டுகளில் குழந்தைகளுக்கு இந்த நோய் கூடியது. பிறகு அளவைக் குறைத்தார்கள். இரத்தத்தில் ஈ.பி.வி. எவ்வளவு இருக்கிறது என்று பி.சி.ஆர். சோதனையில் அடிக்கடி பார்த்து, ஏறினால் கட்டி வரும் முன்பே மருந்தைக் குறைக்கும் முறையும் வந்தது. அதன் பிறகு நோய் கணிசமாகக் குறைந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்த கதை

இந்தியாவில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் இயற்றப்பட்டது. நாட்டின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று 1998 நவம்பர் 15 அன்று டெல்லி அப்போலோ மருத்துவமனையில் நடந்தது. அறுவை நடந்தது டெல்லி என்றாலும் குழந்தை நம் காஞ்சிபுரத்துக் குழந்தை. வயது 20 மாதம். நோய் அதே பிலியரி அட்ரீசியா. அப்பாவின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து வைத்தார்கள். 35 ஆண்டுகளுக்கு முன் டென்வர் அறுவை மேசையில் தோற்றுப்போன அதே நோய்! அந்தக் குழந்தை வளர்ந்து இன்று ஒரு டாக்டர்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த இன்னொரு பெயர் முகமது ரேலா. மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 1997-ல் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்குக் கல்லீரல் மாற்றினார். அது கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. பின்னர் அவர் சென்னைக்கே திரும்பி வந்தார்.

2008-ல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மாணவன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, டாக்டர்களான பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு தமிழக அரசின் உறுப்பு தானத் திட்டம் தொடங்கியது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் உறுப்பு மாற்று சேர்ந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று அறிவிப்பு வந்தது. ஆனாலும் சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் கொடுக்கிறார்கள். கொடுத்தவருக்குக் கல்லீரல் திரும்ப வளர்ந்துவிடும்.

நம் நாட்டில் எச்சில் பட்ட கரண்டி, ஒரே தட்டில் ஊட்டும் சோறு என்று சின்ன வயதிலேயே ஈ.பி.வி. வந்துவிடுகிறது. வைரஸைச் சந்தித்த பிறகு அறுவைக்குப் போகும் குழந்தைக்கு இது ஒரு வகையில் நல்லது. ஆனால் பிலியரி அட்ரீசியாக் குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பின்னாகவே அறுவைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. கைக்குழந்தையின் இரத்தச் சோதனையில் எதிர்ப்புப் புரதம் தெரிந்தாலும் அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.

நம்ம ஊரில் காய்ச்சல் வந்தால்

அறுவை சென்னையில் நடக்கும். காய்ச்சல் ஊரில்தான் வரும். திருவெண்ணெய்நல்லூரிலோ திண்டிவனத்திலோ வாழும் அப்படிப்பட்ட ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். கழுத்தில் நெறி கட்டினால் முதலில் பார்ப்பவர் தெருமுனை டாக்டர். அடுத்து விழுப்புரம். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நம் நாட்டில் கழுத்து நெறி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது தவறான சந்தேகமும் அல்ல. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குக் காசநோயும் வரும். ஆனால் துண்டு எடுத்துப் பயாப்சி செய்யாமல் மருந்தைத் தொடங்கினால் இரண்டு ஆபத்து. உண்மையில் பி.டி.எல்.டி.யாக இருந்தால் மாதங்கள் வீணாகும். அடுத்து, காசநோய் மருந்தான ரிபாம்பிசின், டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் வெகுவாக இறக்கிவிடும். கல்லீரல் நிராகரிக்கப்படலாம்.

அதனால் உறுப்பு மாற்றிய குழந்தையின் பெற்றோர், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லி, மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும். புதிய மருந்து எதையும் தொடங்கும் முன் அறுவை செய்த மருத்துவமனைக்கு ஒரு போன் போட வேண்டும். விடாத காய்ச்சல், நெறி, புதிதாக வரும் குறட்டை, நீண்ட வயிற்றுப்போக்கு, இரத்தசோகை எதையும் 'சாதாரணம்' என்று விடக்கூடாது. மருந்தைக் குறைப்பதுதான் சிகிச்சை என்று படித்துவிட்டுத் தாங்களே குறைக்கவும் கூடாது. அந்தத் தராசு டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் குழந்தைகளில் சிலர் கல்லீரல் மாற்றுவரை போக வேண்டியிராது. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் காமாலை போகாமல், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் அது பிலியரி அட்ரீசியாவாக இருக்கலாம். ஜப்பானின் மோரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவையை 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். சிலருக்குக் கல்லீரல் மாற்றே தேவைப்படாது, பலருக்குத் தள்ளிப்போகும். கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் வாரங்கள் திரும்பக் கிடைக்காது.

மருந்தைக் குறைத்தும் கேட்காவிட்டால்

1997-ல் ரிடுக்சிமாப் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி அணுக்களின் மேல் உள்ள ஓர் அடையாளத்தைப் பிடித்து அவற்றை மட்டும் அழிப்பது இதன் வேலை. பி.டி.எல்.டி.க்கும் இது பெரிய ஆயுதமானது. அதற்கும் அடங்காத குழந்தைகளுக்குக் குறைந்த அளவு கீமோதெரபி உண்டு.

1990-களின் நடுவில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். இந்த வைரஸை அடையாளம் தெரிந்த டி அணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, எலும்பு மஜ்ஜை மாற்றிய நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். சொந்தக் காவல்காரர் தூங்கினால் வெளியூரிலிருந்து காவல்காரரை அழைத்து வருவது மாதிரி! இந்த வழியில் உருவான டேபெலெக்ளூசெல் என்ற சிகிச்சைக்கு, மற்ற மருந்து கேட்காதவர்களுக்காக, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. 2 வயதுக் குழந்தைக்கும் கொடுக்கலாம்.

ஸ்டார்சல் 2017 மார்ச்சில் காலமானார். ராய் கால்னும் ஆண்டனி எப்ஸ்டீனும் 2024-ன் தொடக்கத்தில், ஒரு மாத இடைவெளிக்குள் மறைந்தார்கள். ஒருவர் உறுப்பை உடல் ஏற்கவைக்கப் போராடியவர், இன்னொருவர் ஒரு கலங்கிய குப்பியைக் கொட்டாமல் பார்த்தவர். அவர்களுடைய வேலைகள் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் இன்று ஒரு குழந்தையின் கழுத்து நெறிக்குப் பெயரும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அது நெறி கட்டிய அன்றே யார் கண்ணிலாவது பட வேண்டும். மீதி வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.